பழைய ஃபெண்டர் ஜாஸ் பேஸ் கிட்டார் ஒண்ணு கிடைச்சிருக்கு, எந்த வருஷத்துது, என்ன விலை போகும்?

நெக் பிளேட்ல (நெக், அதாவது கழுத்து, பாடியோட சேர்ற இடத்துல பின்னால இருக்கற தகடு) இருக்கற சீரியல் நம்பரை மட்டும் வச்சு வருஷத்தை முடிவு பண்ணிடாதீங்க. அது நாலு ஸ்க்ரூல நிக்கற தகடு, யார் வேணா மாத்தலாம், ஃபேக்டரிலயே பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து மாட்டினதால வரிசையும் ஒழுங்கா இருக்காது. 1976 வாக்குல நம்பர் ஹெட்ஸ்டாக்குக்கு, அதாவது நெக்கோட தலைப்பக்கத்துக்கு, போயிடுச்சு, அதுல எஸ்7னு ஆரம்பிச்சா சுமாரா 1977.

ஸ்ட்ரிங்க தளர்த்திட்டு நெக்கை கழட்டிப் பாருங்க, அடிப்பக்கம் மாசமும் வருஷமும் முத்திரையாவோ பென்சில்லயோ இருக்கலாம். அப்புறம் வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற குமிழுக்கு அடியில இருக்கற பாகம்) முதுகுல ஒரு நம்பர் இருக்கும், 1376633னா 137 பாட் செஞ்ச சிடிஎஸ் கம்பெனி, 66னா 1966, 33னா அந்த வருஷத்தோட 33வது வாரம். ஆனா இது பாட் செஞ்ச தேதிதான், கிட்டார் அதுக்கு அப்புறம் எப்ப வேணா செஞ்சிருக்கலாம், 1966ல ஃபெண்டர் மொத்தமா வாங்கிப் போட்ட பாட்ஸை வருஷக்கணக்கா ஓட்டினாங்க. சால்டரிங்கை மட்டும் தொடாதீங்க ப்ளீஸ், ஒரிஜினல் ஈயத்துக்கே காசு குடுக்கற ஆளுங்க இருக்காங்க!

விலைனு வந்தா 1965 ஜனவரில சிபிஎஸ்ங்கற அமெரிக்க டிவி கம்பெனி ஃபெண்டரை வாங்கினதுக்கு முந்தினதுக்குத்தான் மவுசு ஜாஸ்தி. மறுபடி பெயின்ட் அடிச்சிருந்தா விலை கிட்டத்தட்ட பாதியாயிடும், பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின் சிக்னலா மாத்தற பாகம்) மாத்தியிருந்தாலும் அடிதான். பாக்க பளபளன்னு இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, எனக்கு அதான் முதல் சந்தேகமே. விக்கறவங்க கேக்கற விலையைப் பாக்காம, அதே வருஷத்துது நிஜமா என்ன விலைக்குக் கைமாறிச்சுனு தேடுங்க. பழைய கேஸ் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, அதுக்கும் தனியா காசு உண்டு.