தை அறுவடையும் தலைப்பிள்ளையும்

ஐயா வணக்கம்,

மன்னார்குடி பக்கம் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை மிஷின் இரண்டு வைத்து வாடகைக்கு விடுகிறேன். இரண்டுக்கும் பேங்க் தவணை ஓடுகிறது. மனைவி ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து மயிலாடுதுறையில் தாய்வீட்டில் இருக்கிறார். டாக்டர் குறித்த தேதி பிப்ரவரி 5. சம்பா அறுப்பு உச்சத்தில் இருக்கும். வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி அந்த ஆறு வாரத்தில்தான். பிள்ளை பிறந்த அன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்கிறார்கள் வீட்டில். மனசு ஒப்பவில்லை, தொழிலை விட்டுப் போகவும் பயம். என்ன செய்யலாம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனசு சொல்வதுதான் சரி. முதலில் அந்தத் தேதி. பிப்ரவரி 5 என்பது 40 வாரம் நிறைகிற கணக்கு. குறித்த தேதியிலேயே பிறக்கிற பிள்ளைகள் மிகக் குறைவு. 37 வாரம் நிறைந்தபின் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம்; உங்களுக்கு அது ஜனவரி 15, பொங்கலையொட்டி. தலைப்பிள்ளை 41 வாரம்வரை, பிப்ரவரி 12வரை, தள்ளிப்போவதும் சாதாரணம். அந்த நான்கு வாரமும் போன் வந்த நிமிஷத்தில் கிளம்பக்கூடியவராக நீங்கள் இருக்கவேண்டும். அதற்கான வேலையைக் கார்த்திகையிலேயே தொடங்குங்கள்.

சீசனில் மிஷின் நிற்பது பெரும்பாலும் சின்னப் பொருளால்தான். பெல்ட் அறும், கத்திப் பல் உடையும், வைக்கோல் சுற்றிச் சூடேறி பேரிங் போகும். கடை மூடிய நேரத்தில் இது நடந்தால் ஒரு நாள் வாடகை போயிற்று. எந்த இடத்தில் என்ன நம்பர் பெல்ட், என்ன நம்பர் பேரிங் என்பது இன்று உங்கள் தலையில் மட்டும் இருக்கிறது. டிரைவர் உங்களைக் கூப்பிடுவதே அதற்காகத்தான். எழுதி மிஷினில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று, கத்திப் பல்லும் ரிவெட்டும் ஒரு டஜன், மிஷினோடு போகும் பெட்டியில் இருக்கட்டும். காலையில் பனி உலரும்வரை வயலில் இறங்க முடியாது. அந்த நேரம் கிரீஸ் அடிக்கவும் ரேடியேட்டர் தூசு தட்டவும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நிற்கப்போவது மச்சானா தம்பியா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். எத்தனை ரூபாய்வரை உங்களைக் கேட்காமல் செலவழிக்கலாம் என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டு வேண்டும்: ஊர், விவசாயி பெயர், மிஷின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரின் தொடக்கமும் முடிவும், டீசல் லிட்டர், வரவு, பாக்கி. இரவில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பட்டும். மணிக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்தாலே டீசல் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மாதத் தவணையை முன்கூட்டியே கணக்கில் போட்டுவையுங்கள். ஆஸ்பத்திரிப் பணம் தனி. கியர்பாக்ஸே போனாலும் அதில் கை வைக்காதீர்கள். அறுப்பு தொடங்கியதும் இரண்டு நாள் தொழில் போனை அவரிடம் கொடுத்துவிட்டு விலகி இருந்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறது என்பது அப்போதே தெரிந்தால் சரிசெய்ய நாள் இருக்கும்.

மயிலாடுதுறை போக உங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். தையில் ரோட்டிலேயே நெல் காயும். இருட்டில் குவியல் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 108ஐ அழைப்பது யார், பையை எடுப்பது யார் என்பது அங்கே முடிவாகியிருக்க வேண்டும். பையில் தாய் சேய் அட்டை, கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண், ஆதார், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள். தாய்வீட்டுக்கு வந்திருப்பதை அந்தப் பகுதிச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், அசைவு குறைந்தால், கடும் தலைவலியோடு பார்வை மங்கினால், வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.

பிறந்த நாளைவிட அதற்குப் பிந்திய இரண்டு வாரத்தில்தான் உங்கள் தேவை அதிகம் என்பது என் எண்ணம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கவேண்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று பெரியவர்கள் சேனை வைக்க வருவார்கள், எதுவும் கூடாது. வேண்டாமென்று மறுக்க, பிள்ளை பெற்றவள் சொல்லைவிட மாப்பிள்ளை சொல்லுக்கு அந்த வீட்டில் எடை அதிகம். அதைப் பயன்படுத்துங்கள். இரவில் பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பதும் துணி மாற்றுவதும் உங்கள் வேலை. வயலிலிருந்து வந்தால் சுணை போகக் குளித்து, உடை மாற்றியபின் தூக்குங்கள். இரண்டு வாரம் கடந்தும் மனைவி அழுதபடி, தூக்கமில்லாமல் இருந்தால், பச்சை உடம்பு அப்படித்தான் என்று விடாமல் டாக்டரிடம் அழைத்துப்போங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். உங்கள் இருவர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன் பாருங்கள். தடுப்பூசியில், பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி. அடுத்தது ஆறு வாரத்தில், 45 நாள் ஊசி என்பார்கள். பிப்ரவரி 5இல் பிறந்தால் மார்ச் 19 வாக்கில் வரும். அறுப்பு அதற்குள் ஓய்ந்திருக்கும். மிஷினைக் கழுவி ஷெட்டில் விட்டுவிட்டு முந்தின நாளே போய்விடுங்கள். ஊசி போட்ட இரவு காய்ச்சல் அடிக்கலாம், பிள்ளை தோளைவிட்டு இறங்காது.