கசப்பான வரலாற்றைப் பத்து வயதுப் பிள்ளை ரசித்துப் படிக்கிற மாதிரி எழுதியவர் யாராவது உண்டா?

உண்டு. கிறிஸ்டோபர் பால் கர்ட்டிஸ். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதுபவர். அங்கே இந்த வகையை ‘மிடில் கிரேடு’ என்பார்கள்.

முதலில் என் கதை. பஞ்ச காலத்தை வைத்து நானும் ஒரு சிறுவர் நாவல் ஆரம்பித்தேன். ஆண்டு, ஆட்சி, தானிய விலை எல்லாம் தேடிப்பிடித்து முதல் அத்தியாயத்திலேயே கொட்டி, பெருமையாக மகளிடம் நீட்டினேன். மூன்றாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “அப்பா, இதுல பரீட்சை வைப்பாங்களா?” அதற்குப் பிறகுதான் கர்ட்டிஸை ஒழுங்காகப் படித்தேன். பிறகு அவளுக்கும் ராத்திரி ராத்திரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்துக் காட்டினேன்.

அவருடைய முதல் நாவல் ‘தி வாட்சன்ஸ் கோ டு பர்மிங்காம் – 1963’. வெளிவந்தது 1995-ல். தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்து பிளின்ட் நகரம், எலும்பை நடுக்கும் குளிர். 13 வயது பைரன் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியும் தன் அழகான முகத்துக்குத் தானே முத்தம் கொடுக்கிறான். உதடு பனியில் ஒட்டிக்கொள்கிறது. விலகவும் முடியவில்லை, வாய் திறந்து கத்தவும் முடியவில்லை. அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் அம்மாதான் பிய்த்து எடுக்கிறாள். என் மகள் கட்டிலிலிருந்து உருளாத குறை.

இப்படியே போகிறது. ரௌடித்தனம் பண்ணும் அண்ணன், கதை சொல்லும் தம்பி கென்னி, குட்டித் தங்கை ஜோயி. பைரனின் அட்டகாசம் தாங்காமல் அவனைப் பாட்டியிடம் ஒப்படைக்கலாம் என்று அலபாமா மாநிலத்து பர்மிங்காமுக்குக் காரில் கிளம்புகிறார்கள். ஊர் போய்ச் சேர்வதே பாதிப் புத்தகத்துக்குப் பிறகுதான். மொத்தம் 15 அத்தியாயம். குண்டு வெடிப்பது 14-ல். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். வெள்ளை இனவெறியர்கள் வைத்த வெடியில் நான்கு சிறுமிகள் இறந்துபோனார்கள். இது நிஜத்தில் நடந்தது. கதையில் அன்று காலை ஜோயி அந்தத் தேவாலயத்துக்குத்தான் போயிருக்கிறாள். புகைக்குள் நுழையும் கென்னியின் கையில் ஒரு சின்ன ஷூ கிடைக்கிறது. அதுவரை சிரித்துப் பழகிய வீடு என்பதால் அந்த ஷூ நம் வீட்டுப் பிள்ளையுடையதாகிவிடுகிறது.

இதை அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. முதலில் இந்தக் குடும்பத்தை அவர் ஃப்ளோரிடாவுக்குத்தான் அனுப்பினார். போய்ச் சேர்ந்த பிறகு கதை நகரவில்லை. அந்தச் சமயத்தில் அவர் மகன், கறுப்பினக் கவிஞர் டட்லி ராண்டல் இந்தக் குண்டுவெடிப்பைப் பற்றி எழுதிய கவிதையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கறுப்பின உரிமை ஊர்வலத்துக்குப் போகாதே, ஆபத்து, தேவாலயத்துக்குப் போ என்று தாய் மகளை அனுப்பிவைக்கும் கவிதை. படித்ததும் கார் பர்மிங்காம் பக்கம் திரும்பிவிட்டது. அதாவது முதலில் குடும்பம், பிறகுதான் வரலாறு. நான் செய்தது நேர் தலைகீழ்.

எழுத்தாளர் ஆவதற்கு முன் அவர் பிளின்ட்டில் ஃபிஷர் பாடி கார் தொழிற்சாலையில் 13 வருடம் கதவு மாட்டும் வேலை பார்த்தவர். ஒன்றுவிட்டு ஒரு காருக்கு மாட்டுவதற்குப் பதில், கூட்டாளியோடு பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கு 30 கார் தொடர்ந்து மாட்டுவார்களாம். இப்படி மிச்சமாகும் அரை மணி நேரத்தில் உட்கார்ந்து எழுதுவார். அவர் கதைகளில் வேலை, கூலி, பசி எல்லாம் சாதாரணமாக வந்துபோவதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாவல் ‘பட், நாட் படி’ (தமிழில் எழுதினால் ‘படி’ என்று வந்து நிற்கிறது, நல்லதுதான்). 1936, பெரும் பொருளாதார மந்தம். அம்மாவை இழந்த பத்து வயதுப் பட், ஒரு இசைக்குழுக்காரரைத் தன் அப்பா என்று நம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேடிக் கிளம்புகிறான். பொய் சொல்லிப் பிழைக்க அவனிடம் ஒரு விதிப்பட்டியலே இருக்கிறது. கர்ட்டிஸின் தாத்தா ஒருவர் நிஜமாகவே இசைக்குழு நடத்தியவர், இன்னொருவர் பேஸ்பால் வீரர். இருவரையும் கதைக்குள் இழுத்துவிட்டிருக்கிறார். 2000-ல் அமெரிக்காவில் சிறந்த சிறுவர் நூலுக்குத் தரும் நியூபெரி பதக்கம், கூடவே கறுப்பின எழுத்தாளர்களுக்குத் தரும் கொரெட்டா ஸ்காட் கிங் விருது. இரண்டையும் சேர்த்து வாங்கிய முதல் புத்தகம் இதுதான். நியூபெரி பதக்கம் வாங்கிய முதல் கறுப்பின ஆணும் இவர்தான்.

‘எலைஜா ஆஃப் பக்ஸ்டன்’ (2007) அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்கள் கனடாவில் அமைத்த குடியிருப்பின் கதை. பச்சைக் குழந்தையாக இருந்தபோது, ஊருக்கு வந்த அடிமை ஒழிப்புத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் மேலேயே வாந்தி எடுத்தவன்தான் நாயகன்! கடைசிப் பகுதி நெஞ்சை அடைக்கும். ஆனால் முதல் பாதி ரொம்ப மெதுவாகப் போகிறது, கொச்சைப் பேச்சு வேறு. பிள்ளை தானாகப் படிக்கத் திணறும், இதிலிருந்து தொடங்காதீர்கள்.

வாட்சன்ஸிலிருந்து தொடங்குங்கள். 14-ம் அத்தியாயத்தை மட்டும் நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். அதைத் தூங்கப் போகும் நேரத்தில் வாசிக்க வேண்டாம். அன்றே 15-ஐயும் முடித்துவிடுவது நல்லது. ஜோயிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊர் திரும்பிவிட்டார்கள்; ஆனால் கென்னி சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறான். தாடையில் முடி முளைத்திருக்கிறது, வந்து பார் என்று பைரன் குளியலறையிலிருந்து கூப்பிடுகிறான். கென்னி போகிறான், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான், உடைந்து அழுகிறான். முதல் அத்தியாயத்தில் ஊரே சிரித்தது ஒரு கண்ணாடியைப் பார்த்து, இங்கேயும் ஒரு கண்ணாடி.

வாசித்து முடித்ததும் மகள் குண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “பைரன் முடியக் காட்டத்தான் கூப்பிட்டானா, இல்ல கென்னிய வெளிய வரவைக்கவா?” என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.