பழைய கேமிங் பிசி: பார்ட் மட்டும் மாற்றலாமா, மதர்போர்டோடு மாற்ற வேண்டுமா? கேள்வி பதில்

ரங்கூனில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். தண்ணீர்த் திருவிழா லீவில் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பதால், "கேம் திக்குது, என்ன வாங்கலாம்?" என்ற கேள்விதான் அதிகம் வந்தது. பொதுவானவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

முதலில் எல்லாருக்கும் ஒரு வேலை. கேமில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு) எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கி, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் திணறுவது கிராபிக்ஸ் கார்டு. ஏறவே இல்லை என்றால் ப்ராசஸர் அல்லது ராம். இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யாமல் யாரும் காசை எடுத்து வெளியே வைக்காதீர்கள்.

அண்ணே, ஐ7-4770, 16 ஜிபி டிடிஆர்3, ஜிடிஎக்ஸ் 970 வச்சிருக்கேன். ஆர்டிஎக்ஸ் 4060 மட்டும் வாங்கிப் போட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமா? (தாக்கேட்டா)

ஓடும் தம்பி. ஆனால் அந்தக் கார்டுக்குக் கொடுத்த காசு முழுசாகத் திரும்பி வராது. 4770 வந்தது 2013-இல். நாலு கோர், எட்டு த்ரெட். அந்தக் காலத்தில் அருமையான சிப், நானே எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்றைய பெரிய கேம்களில் சராசரி எஃப்பிஎஸ் பரவாயில்லை என்று காட்டும். கூட்டமான தெருவில் வண்டி ஓட்டும்போதோ சண்டை சூடாகும்போதோ படம் வெடுக் வெடுக்கென்று நிற்கும். அது கார்டின் குறை அல்ல. ப்ராசஸர் அடுத்த ஃப்ரேமுக்கு வேண்டியதைத் தயார் செய்து கொடுக்க முடியாமல் நிற்கிறது.

அந்த போர்டில் மேலே போக இடமில்லை. டிடிஆர்3 பழைய தலைமுறை ராம், அதை வேறு எந்தப் புது போர்டிலும் போட முடியாது. விண்டோஸ் 11-ம் அந்த ப்ராசஸரை ஏற்காது. உங்கள் 970 கார்டின் நிலைமையும் அதுதான். 900 மற்றும் 1000 வரிசை ஜிடிஎக்ஸ் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும்.

உங்களுக்கு என் பதில், போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். காசு ஒரே தடவையில் புரளவில்லை என்றால் கார்டை முதலில் வாங்குவதில் தப்பில்லை, அது அடுத்த மெஷினுக்கும் கூடவே வரும். சாட்டா எஸ்எஸ்டி இருந்தால் அதுவும் வரும். கேபினெட்டும் வரும். பவர் சப்ளை வருமா என்பதைக் கீழே சொல்கிறேன்.

ரைசன் 5 1600, பி350 போர்டு, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. கடையில் எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்றாங்க. உண்மையா? (பெகு)

இல்லை. உங்களுடையது நல்ல போர்டு, அதைக் கழற்ற வேண்டாம். ஏஎம்4 சாக்கெட்டின் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) பெருமையே இதுதான். 2017-இல் முதல் ரைசன் வாங்கியவர் அதே போர்டில் 5000 வரிசை வரைக்கும் போகலாம். பி350 போன்ற பழைய போர்டுகளுக்கு அந்த வசதி 2022-இல்தான் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் வழியாக வந்தது. அதனால் பலருக்கு இன்னும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

ரைசன் 5 5600 போடுங்கள். 65 வாட் சிப், உங்கள் போர்டு தாங்கும். 5700எக்ஸ்3டி நல்ல விலைக்குக் கிடைத்தால் இன்னும் மேல். அதில் 96 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இருக்கிறது, கேம்களுக்கு அது அத்தனை உதவும். ஆனால் இப்போது கிடைப்பது கஷ்டம், அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். 1600 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. ஒரே சிப் மாற்றத்தில் அந்தத் தலைவலியும் தீரும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பயாஸ் அப்டேட்டைப் பழைய சிப் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். போர்டு கம்பெனியின் பக்கத்தில் உங்கள் மாடல் எண்ணைத் தேடி, 5600 எந்த வெர்ஷனிலிருந்து வேலை செய்கிறது என்று படியுங்கள். நடுவில் ஒரு வெர்ஷன் போட்டுவிட்டுத்தான் கடைசி வெர்ஷனுக்குப் போக வேண்டும் என்று சில போர்டுகளுக்குப் போட்டிருப்பார்கள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு செத்த மாதிரிதான். கரண்ட் வந்து பத்து நிமிஷம் ஆன பிறகு, யுபிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு அரைமணி இருக்கும்போது தொடங்காதீர்கள்.

இரண்டாவது, கூலரைக் கழற்றும் விதம். சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி ஒட்டியிருக்கும். நேராக மேலே இழுத்தால் சாக்கெட் பூட்டு மூடியிருக்கும்போதே சிப்பும் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியில் இருக்கும் பின்கள் வளையும். முதலில் ஒரு கேமை இருபது நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். அணைத்து, வயரை எடுத்துவிட்டு, பாட்டில் மூடியைத் திருகுவது போலக் கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு தனியாக வரும். பின் வளைந்துபோய் என் மேஜைக்கு வந்த சிப்புகளை மெக்கானிக்கல் பென்சில் முனையை வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தியிருக்கிறேன். எல்லாமே பிழைத்ததில்லை.

ஆர்எக்ஸ் 580-ஐ சிப் மாற்றிய பிறகு பாருங்கள். நீங்கள் விளையாடுவது ஃபுட்பாலும் ஷூட்டிங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் ஒரு வருஷம் அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

எச்110 போர்டு, ஐ5-7400. ஐ7-8700 ஒண்ணு மலிவா வருது, சாக்கெட் ரெண்டும் 1151தானே? (மோல்மீன்)

வாங்காதீர்கள். சாக்கெட் பெயர் ஒன்று, உள்ளே பொருந்தாது. 8 மற்றும் 9-ஆம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும். உங்கள் போர்டில் ஏறக்கூடிய உச்சம் ஐ7-7700, அதுவும் நாலு கோர்தான்.

உங்களிடம் 16 ஜிபி டிடிஆர்4 இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இப்போது உங்கள் சொத்து. 2025 கடைசியில் இருந்து ராம் விலை எகிறிவிட்டது, ஏஐ சர்வர்களுக்கே சிப்புகள் போகின்றன. டிடிஆர்5-க்குப் போனால் ராமுக்கே பெரிய தொகை அழ வேண்டிவரும். அதனால் டிடிஆர்4 ஏற்கும் எச்610 அல்லது பி660 போர்டு ஒன்றும் ஐ5-12400எஃப்பும் பாருங்கள். இல்லை என்றால் பி450 அல்லது பி550-இல் ரைசன் 5600. உங்கள் ராம் அப்படியே புது போர்டுக்கு வந்துவிடும். ஒன்று மட்டும், 12-ஆம் தலைமுறை போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு விதமாக வருகின்றன, ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

தம்பி, மகன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். அவங்க அப்பா ஆபீஸில் கழிச்ச ஐ5-6500 டவர் ஒண்ணு வீட்டில் இருக்கு, 8 ஜிபி ராம். இதை வச்சு ஏதாவது செய்யலாமா? (பஸுன்டாங்)

செய்யலாம் அக்கா. பையன் பத்தாவது படிக்கிறான் என்கிறீர்கள், அவனுக்கு இது நல்ல தொடக்கம். 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் அதே வகையில் இன்னொரு 8 ஜிபி சேர்த்து இரண்டாக்குங்கள். ராம் இரண்டு சேனலில் ஓடும்போது கேம் நடுங்குவது குறையும். ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி. கார்டுக்கு ஜிடிஎக்ஸ் 1650, தனி பவர் வயர் இல்லாத மாடலாகக் கேட்டு வாங்குங்கள். 75 வாட்டை போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

அதற்கு மேல் பெரிய கார்டு வைக்க முயற்சி வேண்டாம். கம்பெனி ஆபீஸ் டவர்கள் பலவற்றில் பவர் சப்ளை சின்னது, போர்டில் வழக்கமான 24 பின் இணைப்பும் இருக்காது, வெளியே வாங்கியதை மாட்ட முடியாது. டவர் ஒல்லியான வகை என்றால் கார்டும் பாதி உயரத்தில் வருவதாகத்தான் வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது கேபினெட்டைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்வெர்ட்டரில் கேம் ஆடலாமா? எவ்வளவு நேரம் தாங்கும்? (திங்கான்ஜூன்)

இந்தக் கேள்வியை இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள், நல்லது. நம் ஊரில் எந்தக் கார்டு வாங்குவது என்பதை இதுதான் பாதி முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு இப்படி. 12 வோல்ட், 100 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி என்றால் 1200 வாட் அவர். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் சீக்கிரம் வீணாகும், ஆகவே 600. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வெப்பமாகப் போகும், கையில் நிற்பது 500 என்று வையுங்கள். மானிட்டரோடு 300 வாட் இழுக்கும் பிசி ஒரு மணி நாற்பது நிமிஷம் ஓடும். கேமில் எஃப்பிஎஸ்ஸை 60-க்குக் கட்டிப்போட்டு 200 வாட்டுக்கு இறக்கினால் இரண்டரை மணி. ஆர்எக்ஸ் 6600 போன்ற 132 வாட் கார்டை நான் சொல்வது அதனால்தான். ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல கார்டுதான், 12 ஜிபி மெமரி உண்டு, ஆனால் 170 வாட் கேட்கும்.

இன்வெர்ட்டர் சுத்தமான சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மலிவான வகையில் நல்ல பவர் சப்ளைகள் இரைச்சல் போடும், சூடாகும், சில நேரம் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்த நொடியிலேயே அணைந்துவிடும்.

இனி பவர் சப்ளை. 2019-இல் என் சொந்த மெஷினில், 600 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சாதாரண சப்ளையை வைத்திருந்தேன். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் பட்டென்று ஒரு சத்தம், மீன் கருகியது போல ஒரு வாடை. திறந்து பார்த்தால் கபாசிட்டர் தலை பிளந்து, பழுப்புக் காகிதம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. போர்டும் கார்டும் கூடவே போயின. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் பவர் சப்ளைக்குக் காசு ஒதுக்கச் சொல்கிறேன். ஏழெட்டு வருஷம் ஓடியது என்றால், நல்ல கம்பெனியாக இருந்தாலும், புது மெஷினுக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள். கரண்ட் போனதும் பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள், வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவா கிடைக்குது, என் ஐ5-8400-க்குச் சரிவருமா?

வராது. அந்தக் கார்டு போர்டோடு நாலே லேனில் (டேட்டா போகும் பாதை) பேசும், மெமரியும் 4 ஜிபிதான். கார்டு ஸ்லாட் பிசிஐஇ 4.0 ஆக இருக்கும் போர்டில் சமாளிக்கும், உங்களுடையது 3.0, நன்றாக அடிவாங்கும். ஐ5-8400-க்கு ஆர்எக்ஸ் 6600 போடுங்கள். ப்ராசஸர் விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது, இப்போது போர்டைத் தொட வேண்டாம்.

பாங்காக்கில் இருக்கும் மாமா ஐ7-13700கே பழசு ஒண்ணு தர்றாராம். எடுத்துக்கலாமா?

மாமாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள், 2024 ஆகஸ்டுக்குப் பிறகு பயாஸ் அப்டேட் செய்தாரா என்று. 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய சிப்புகளில் வோல்டேஜ் கூடிப்போய் சிப்பே மெல்லத் தேயும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடும் (பயாஸோடு வரும் சிப்புக்கான திருத்தம்) அதற்கடுத்து வந்ததும் மேற்கொண்டு தேயாமல் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. கேம் தொடங்கும்போதே கிராஷ் ஆகிறதா, வீடியோ மெமரி போதவில்லை என்று காரணமில்லாமல் பிழை வருகிறதா என்று அவர் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடினால் எடுத்துக்கொள்ளுங்கள், இன்டெல் அந்தச் சிப்புகளுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் கூட்டிக் கொடுத்திருக்கிறது. பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

ஏஎம்5-க்கே நேராகப் போயிடலாமா அண்ணே?

கையில் எதுவுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர் என்றால் போகலாம். ஏஎம்4-க்கு அடுத்து 2022-இல் வந்த சாக்கெட், 2027 வரைக்குமாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும், ராம் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல டிடிஆர்4 வைத்திருப்பவரை இந்த வருஷம் அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐயா, ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வந்ததும் தேதி பழசாகிடுது, பயாஸ் ஸ்கிரீனிலேயே நிக்குது. போர்டு போயிடுச்சு, புது செட்டு எடுன்னு சொல்லிட்டாங்க. ரைசன் 5 2600, பி450. (பியாபோன்)

போர்டில் நாணயம் மாதிரி பளபளவென்று ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மெஷினுக்குக் கரண்ட் இருக்கும் வரை அது சும்மா இருக்கும். கரண்ட் இல்லாத நேரம் முழுக்கக் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். மணிக்கணக்கில் கரண்ட் போகும் ஊரில் அது சீக்கிரம் தீர்ந்துவிடுவது சகஜம். பிசியை அணைத்து, வயரைப் பிடுங்கி, ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் துள்ளிக்கொண்டு வரும். எழுத்து மேலே தெரியும்படி புதியதை வைத்து அழுத்துங்கள். பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரி செய்து, ராம் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அமைப்பையும் மறுபடி போடுங்கள், அது கழன்றிருக்கும். வாட்ச் கடையிலேயே அந்த பேட்டரி கிடைக்கும். மாற்றிவிட்டு எழுதுங்கள், அந்த போர்டில் 5600 போடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.