யூடியூபும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம்

கேள்வி: எனக்கு 46 வயது, மனைவிக்கு 43. இருவருக்கும் ஆடத் தெரியாது. பள்ளி ஆண்டு விழாவில்கூட மேடை ஏறியதில்லை. இப்போது பால்ரூம் நடனம் கற்க ஆசை. மூன்று மாதம் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பழகிவிட்டு வகுப்புக்குப் போனால் பிறர் முன் தடுமாற வேண்டியிராது என்பது என் கட்சி. பக்கத்தில் உள்ள நடனப் பள்ளியில் 40 மணி நேரத் தனி வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டிச் சேர்ந்துவிடலாம் என்பது அவர் கட்சி. குழு வகுப்பில் ஜோடி மாற்றி ஆடச் சொல்வார்களாமே, அதுவும் எங்களுக்குத் தயக்கம். யார் சொல்வது சரி?
– வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. இந்த வாரமே தொடக்கநிலைக் குழு வகுப்பு ஒன்றுக்குப் போங்கள். ஒரு மாலைக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

முதலில் உங்கள் யூடியூப் திட்டம். திரையில் உங்களுக்குத் தெரிவது கால் போகும் இடம் மட்டும்தான். கற்க வேண்டியதோ, உடம்பின் பாரம் எந்த நேரத்தில் எந்தக் காலில் இருக்கிறது என்பதும், அது மாறுவதை எதிரில் இருப்பவர் எப்படி உணர்கிறார் என்பதும். இது எந்தக் கேமராவிலும் விழாது. அதைவிட மோசம், ஒன்றும் தெரியாத இருவர் மூன்று மாதம் சேர்ந்து பழகினால், ஒருவர் தவறுக்கு மற்றவர் உடம்பு ஈடுகொடுக்கப் பழகிவிடும். அதற்குப் பிறகு தவறு தவறாகவே தெரியாது. அதைக் கலைப்பது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

மூன்று தட்டுத் தாளத்தில் ஆடும் பால்ரூம் நடனமான வால்ட்ஸின் முதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடியை நடத்துபவர் (இங்கே நீங்கள்) முதல் தட்டான ஒன்றுக்கு இடது காலை முன்னே வைக்கிறார். இரண்டுக்கு வலது கால் பக்கவாட்டில். மூன்றுக்கு இடது கால் வந்து வலதோடு சேர்கிறது. அடுத்த ஒன்றுக்கு வலது கால் பின்னே, இரண்டுக்கு இடது கால் பக்கவாட்டில், மூன்றுக்கு வலது கால் சேர்கிறது. அவரைத் தொடர்பவருக்கு (உங்கள் மனைவிக்கு) இதற்கு எதிர்: முதலில் வலது கால் பின்னே, இடது பக்கவாட்டில், வலது சேர்கிறது, பிறகு இடது முன்னே, வலது பக்கவாட்டில், இடது சேர்கிறது. ஆறு அடிகளில் தரையில் ஒரு சதுரம் முடிகிறது. மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

புதியவர்கள் சறுக்குவது அந்த மூன்றாவது அடியில். கால் வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து, பாரத்தை மற்றக் காலிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த ஒன்றுக்கு நகர வேண்டிய கால் பாரத்தோடு ஊன்றிக்கிடக்கும். சும்மா இருப்பது இப்போதுதான் சேர்ந்த கால். அதையே மறுபடி எடுப்பார்கள், துணையின் கால் நசுங்கும். இதற்குக் காரணம் உண்டு. நாம் நடப்பது இரண்டிரண்டாக. நாலு எண்ணிக்கையில் நடந்தால் ஒவ்வொரு சுற்றும் அதே காலில் தொடங்கும். மூன்று ஒற்றைப்படை என்பதால் ஒரு சுற்று இடதில் தொடங்கினால் அடுத்தது வலதில் தொடங்க வேண்டும். திஸ்ர நடை நம் காதுக்குப் பழகியதுதான். தகிட, தகிட என்று கை தட்டிவிடுவோம். காலுக்கு அது பழக்கமில்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. மூன்றில் கால் சேர்ந்ததும் மற்றக் காலின் குதிகாலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்குங்கள். உடம்பு சாயாமல் தூக்க முடிந்தால் பாரம் மாறிவிட்டது. வீட்டில் தினம் பதினைந்து நிமிடம், தனித்தனியாக, கையைப் பிடிக்காமல், இதை மட்டும் செய்யுங்கள். சிறிய அடி போதும். வால்ட்ஸுக்கே உரிய அந்த எழுந்து தாழும் அசைவை முதல் சில வாரங்களுக்குத் தொடவே வேண்டாம். பாரம் மாறாத உடம்பில் அது வெறும் குதியலாக முடியும்.

காலை மிதிப்பதற்கு இன்னொரு காரணம் நிற்கும் இடம். மூக்குக்கு நேர் மூக்காக நிற்கக் கூடாது. இருவரும் தத்தம் இடப்பக்கம் சற்றே விலகி நிற்க வேண்டும். அப்போது உங்கள் வலது கால் துணையின் இரு கால்களுக்கும் இடையே போகும், இடது கால் அவருடைய வலது காலுக்கு வெளியே போகும். நடத்துபவரின் வலது கை துணையின் இடது தோள்பட்டை எலும்பின் மேல், விரல்கள் சேர்ந்தபடி. தொடர்பவரின் இடது கை நடத்துபவரின் மேற்கையில். மறுகைகள் சேர்ந்து, இருவரில் குட்டையானவரின் கண் உயரத்தில். அந்தக் கையை இறுக்கிப் பிடிக்கவோ, பம்பு அடிப்பதுபோல் ஏற்றி இறக்கவோ வேண்டாம். கையால் தள்ளினால் துணையின் தோள் திரும்பும், கால் நகராது. மார்பு முதலில் முன்னே போக வேண்டும். கால் அதன் பின்னால் வரும். தொடர்பவர் பின்னே போகும்போது முழங்காலிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்தே காலை வீசி நீட்ட வேண்டும். அடுத்தது என்ன என்று அவர் ஊகிக்கவும் கூடாது. வீட்டில் இருவரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள் ஊகிக்காமல் இருப்பது கடினம் என்பது உங்கள் திட்டத்தின் இன்னொரு ஓட்டை.

கீழே பார்க்காதீர்கள். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. அது முன்னே கவிழ்ந்தால் அத்தனை பாரமும் துணையின் மேல் சாய்கிறது, அவர் பின்னுக்கு வளைகிறார். நீங்கள் பார்க்கிற அந்தக் கால் நீங்கள் பார்ப்பதால் சரியாகப் போவதும் இல்லை.

பயிற்சிக்குப் பாட்டு எடுக்கும்போது வேகத்தைக் கவனியுங்கள். போட்டி விதிப்படி வால்ட்ஸ் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (ஒரு பாருக்கு மூன்று தட்டு), அதாவது 84 முதல் 90 தட்டு. தமிழ்த் திரைப்பாடல்களில் மூன்று மூன்றாக ஓடுகிறவை நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆறெட்டுத் தாளம், ஆறு சிறு தட்டை இரண்டு பெரிய தட்டாக ஆடுபவை. ஒவ்வொரு சிறு தட்டுக்கும் ஓர் அடி வைத்தால், நிமிடத்துக்கு 174 முதல் 180 தட்டு ஓடுகிற வியன்னா வால்ட்ஸையும் தாண்டிப் போய்விடும். நடனத்துக்கென்றே மாறாத வேகத்தில் வாசித்த இசை தேடுங்கள். நடன வீரரான விக்டர் சில்வெஸ்டர் 1935-இல் இதற்காகவே ஓர் இசைக்குழு தொடங்கினார். நடுவில் வேகம் மாறாது, பாடகரின் இழுவை இராது. புதியவருக்கு அந்த ஒழுங்கு மிகவும் தேவை.

இனி ஜோடி மாற்றம். உங்கள் தயக்கம் புரிகிறது. நம் வீடுகளில் பழக்கமில்லாத ஒன்று. இருந்தாலும் மாற்றி ஆடுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேறொருவரோடு ஆடும்போதுதான், உங்கள் மனைவி நீங்கள் சொல்லாமலே புரிந்துகொண்டது எது, நீங்கள் உண்மையில் நடத்தியது எது என்று பிரிந்து தெரியும். இரண்டு புதியவர்களை ஒருவரோடொருவர் கட்டிப்போட்டால் ஒரே தவறு சுற்றிச் சுற்றி வரும். ஏற்கெனவே ஆறு மாதம் ஆடிய ஒருவரோடு மூன்று நிமிடம் ஆடினால் அது எங்கே என்று உடம்புக்கே தெரிந்துவிடும். விருப்பமில்லாதவர்கள் மாறாமல் இருக்கப் பல பள்ளிகள் விடுகின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: வகுப்பில் ஒருவரை ஒருவர் திருத்தவே கூடாது. திருத்துவது ஆசிரியர் வேலை. தம்பதிகள் நடனத்தை விட்டுவிடுவதற்கு, கால் வராததைவிட, "நீதான் தப்பாப் போனே" என்கிற பேச்சே பெரும்பாலும் காரணம். தொடக்கத்தில் உங்களுக்குத்தான் சுமை அதிகம். தாளம், அடுத்த அடி, மற்ற ஜோடிகள் மேல் மோதாமல் இருப்பது என மூன்றும் நடத்துபவர் தலையில். உங்கள் மனைவி முதலில் வேகமாக முன்னேறினால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலணிக்கு இப்போதே செலவு வேண்டாம். ஆனால் ரப்பர் அடி போட்ட ஓட்டக் காலணி கூடவே கூடாது. பாதம் தரையைப் பற்றிக்கொண்டு நிற்க, உடம்பு திரும்பும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். உங்கள் வயதில் இது பெரிய விஷயம். அலுவலகத்துக்குப் போடும் தோல் அடிக் காலணி போதும். அம்மையாருக்குக் குதிகாலைப் பிடித்துக்கொள்கிற, சிறு குதி வைத்த செருப்பு. சும்மா நுழைத்துக்கொள்ளும் வகை பின்னே போகும்போது கழன்றுவிடும். இரண்டு மாதம் தாண்டியும் ஆசை இருந்தால் ஸ்வேட் (மென்முடி உள்ள தோல்) அடி வைத்த நடனக் காலணி வாங்குங்கள். அதை வெளித் தெருவில் போடக் கூடாது. ஈரமும் மெழுகும் ஏறினால் வழவழப்பாகிவிடும், அப்போது கம்பித் தூரிகையால் தேய்த்து மென்முடியை எழுப்ப வேண்டும். சேலையும் வேண்டாம். கொசுவம் பின்னே நீளும் காலுக்கு இடம் தராது, முந்தானையை யாராவது மிதிப்பார்கள். சல்வார் போதும். பெரிய மோதிரம், சட்டைப்பையில் சாவிக்கொத்து இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் கைக்குட்டையோடு ஒரு மாற்றுச் சட்டையும் எடுத்துப் போங்கள்.

இரண்டு நடனங்களோடு தொடங்குங்கள்: வால்ட்ஸ், சா-சா-சா. முதலாவது அரங்கைச் சுற்றி ஓடுவது, இரண்டாவது நின்ற இடத்திலேயே ஆடுவது. இரண்டும் தெரிந்தால் ஒரு சமூக நடன மாலையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட் என்ற இன்னொரு பால்ரூம் நடனம் பார்க்க எளிதாகத் தெரியும். அது மிகக் கடினமானது, ஒரு வருடமாவது போகட்டும். சுற்றி ஓடும் நடனங்களில் எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் போவார்கள். தடுமாறி நிற்க நேர்ந்தால் ஓரத்தில் நிற்காமல் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிடுங்கள். வேகமாக வருகிறவர்களின் பாதை ஓரத்தில் இருக்கிறது.

உங்கள் மனைவி சொன்ன 40 மணி நேரத்துக்கு வருகிறேன். தனி வகுப்பு கெட்டதல்ல. முதல் நாளிலேயே நாற்பதையும் வாங்குவதுதான் கெட்டது. பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு அபாரத் திறமை" என்று மேலும் மேலும் விற்பது இத்தொழிலில் பழைய நோய். 1968-இல் அமெரிக்காவின் புளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 51 வயது விதவை ஒருவருக்கு, அவர் நன்றாக முன்னேறுகிறார் என்று புகழ்ந்து புகழ்ந்தே 14 பயிற்சித் திட்டங்களில் 2,302 மணி நேரத்தை, 31,000 டாலருக்கு மேல் விற்றிருந்தார்கள். வழக்கைத் தொடர நீதிமன்றம் அனுமதித்தது. பிரிட்டனில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இணையத்திலோ தொலைபேசியிலோ செய்த ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம், பள்ளியில் உட்கார்ந்து கையெழுத்திட்டதற்கு அந்த உரிமை தானாக வராது. பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை மாதத்தில் வகுப்புகள் காலாவதியாகும் என்பதை எழுத்தில் வாங்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

ஆசிரியர் எந்த அமைப்பின் தேர்வில் தேறியவர் என்றும் கேளுங்கள். இந்த நாட்டில் நடனப் பள்ளி திறக்கச் சட்டப்படி தகுதிச் சான்று தேவையில்லை. ஆனால் 1904-இல் தொடங்கிய இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்குத் தேர்வு வைக்கின்றன. 1920-களில் லண்டன் ஆசிரியர்கள் கூடிப் பேசி அடிகளையும் வேகத்தையும் வரையறுத்ததால்தான், லெஸ்டரில் கற்ற வால்ட்ஸை பிளாக்பூலில் முன்பின் தெரியாதவரோடு ஆட முடிகிறது. தேர்ந்த ஆசிரியரிடம் கற்றால் நாளைக்கு ஊர் மாறினாலும் விட்ட இடத்தில் தொடரலாம்.

வாரம் ஒரு குழு வகுப்பு, தினம் பதினைந்து நிமிடம் என்று பத்து வாரம் போகட்டும். அதன் பிறகு ஒரே ஒரு மணி நேரத் தனி வகுப்பு எடுங்கள். "எல்லாம் சொல்லிக்கொடுங்கள்" என்று போகாமல், "வலப்பக்கம் திரும்பும்போது இரண்டாவது அடியில் எங்கள் பிடி கழன்றுவிடுகிறது, யார் பக்கம் கோளாறு?" என்பதுபோல் ஒரு கேள்வியைக் கொண்டு போங்கள். ஆசிரியர் இருவரோடும் தனித்தனியே ஆடிப் பார்த்துச் சொல்வார்.