வாட்டுவது வேறு, சுடுவது வேறு

கேள்வி: எங்கள் வீட்டில் டோஸ்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. என் மாமியார் அதைத் தொடுவதே இல்லை. தோசைக்கல்லில் நெய் விட்டு ரொட்டியைச் சுட்டு, டீயில் முக்கிச் சாப்பிடுகிறார். பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். கணவருக்கோ கருகக் கருக வேண்டும். டோஸ்டை முறையாகச் செய்து நாகரிகமாகச் சாப்பிடுவது எப்படி என்று நீங்கள் எழுதினால், கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுவேன்.
வாசகி ஒருவர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: தாராளமாக ஒட்டுங்கள், அம்மா. ஆனால் சுவரில் இருப்பதை மாமியாரும் படிப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

முதலில் இந்த ‘முறை’யைப் பார்ப்போம். ரொட்டியைத் தானாகவே துள்ளி எழவைக்கும் டோஸ்டருக்கு சார்லஸ் ஸ்ட்ரைட் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றது 1921-இல். இயந்திரத்தில் துண்டு போட்ட ரொட்டி அங்கே கடைக்கு வந்ததே 1928-இல்தான். நீங்கள் முறை என்று சொல்வதற்கு வயது நூறு. அதுவும் அந்த நாட்டுச் சமையலறையில். உங்கள் வீட்டில் அதற்கு மூன்று மாதம். தோசைக்கல்லுக்கு எத்தனை ஆண்டு என்று மாமியாரைக் கேளுங்கள். ஒருவேளை அது அவருடைய மாமியார் கொடுத்த கல்லாக இருக்கும்.

ரொட்டிக்குச் சூடு காட்டுவது எல்லாமே டோஸ்ட் என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். சண்டை அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்ச் சமையலறையில் இதற்கு இரண்டு சொல் உண்டு. வாழையிலையை வாட்டுகிறோம், தோசையைச் சுடுகிறோம். வாட்டும்போது இலை நெருப்பில் படுவதில்லை, அனல் மட்டும் படுகிறது. சுடும்போது கல்லோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். டோஸ்டர் ரொட்டியை வாட்டுகிறது. சிவந்த கம்பிகளின் அனலில் ஈரம் போய், இரண்டு பக்கமும் ஒரே சீராகக் காய்ந்து வருகிறது. உங்கள் மாமியார் ரொட்டியைச் சுடுகிறார். கல் பட்ட இடம் சிவக்கிறது, படாத பள்ளங்கள் வெள்ளையாக மெத்தென்று நிற்கின்றன. ஒரே வாயில் இரண்டு பதம் கிடைக்கும். இவை இரண்டு பலகாரங்கள். இட்லி சாப்பிடுகிறவரைப் பார்த்து “தோசையை ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் அல்லவா?

இனி நெய். இதில் உங்கள் மாமியார் பக்கம்தான் அறிவியல் இருக்கிறது. கடையில் விற்கும் வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அதோடு, வெண்ணெய் காய்ச்சினால் அடியில் தங்குமே கசண்டு, அதுவும் உள்ளே இருக்கிறது. சூடான கல்லில் வெண்ணெயைப் போட்டால் தண்ணீர் நுரைத்து ரொட்டியை நனைக்கும்; பிறகு கசண்டு கருகும். நெய்யில் இரண்டும் இல்லை. அதனால் கல்லுக்கு நெய், தட்டுக்கு வெண்ணெய். வெண்ணெய்தான் வேண்டும் என்றால் உங்கள் டோஸ்டரில் வறட்சியாக வாட்டி எடுத்து, சூடு தணிவதற்குள் தடவுங்கள். அதில் உங்களை யாரும் வெல்ல முடியாது. மாமியாரே ஒரு துண்டு கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: கல்லில் முதல்நாள் வெங்காய ஊத்தப்பம் ஊற்றியிருந்தால் ரொட்டியும் அதைச் சொல்லும். சிறு தீயில் வைத்து, துண்டின்மேல் டபராவைக் கவிழ்த்து அழுத்துவார்கள் பாருங்கள், அந்த வட்டத் தடம் விழுந்த துண்டுக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். டோஸ்டரால் அந்தத் தடத்தைப் போட முடியாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த வழியானாலும் அன்றைக்கு வாங்கிய ரொட்டி உதவாது. ரொட்டி சிவந்து மணப்பதற்குக் காரணமான மாற்றத்தை 1912-இல் விளக்கியவர் பிரெஞ்சுக்காரரான லூயி கமீ மையார். அந்த மாற்றம் சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் சூடு பிடிக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். புது ரொட்டி அதனால்தான் வெளுத்துத் தொய்கிறது. நேற்றைய ரொட்டி சட்டென்று சிவக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துவிடுகிறது என்பீர்கள். ஆமாம், குளிரில் ரொட்டி வெளியில் இருப்பதைவிட விரைவாக இறுகும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு மணி மணியாகக் கெட்டிப்படுகிறதே, அதே கதை. மாவுச்சத்து இறுகுகிறது; சூடு காட்டினால் மறுபடி தளர்கிறது. சுடுவதற்கென்றால் ஃபிரிட்ஜ் குற்றமில்லை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

உங்கள் கணவர் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். மாவுப் பண்டங்களை அதிகச் சூட்டில் கருக்கினால், உடலுக்கு ஆகாது என்று கருதப்படும் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்று 2002-இல் சுவீடனில் கண்டுபிடித்தார்கள். பொன்னிறத்தில் நிறுத்துங்கள் என்று பிரிட்டன் உணவுத் துறை 2017-இல் தன் மக்களைக் கேட்டுக்கொண்டது. தினமும் கரி தின்ன வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் கத்தியால் சுரண்டிக் கொடுங்கள்.

இப்போது டீ. உங்கள் கடிதத்தில் நான் கத்தரிக்க விரும்பிய ஒரே சொல் ‘நாகரிகமாக’. விடிவதற்கு முன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஏலம் முடித்து வருகிறவர் டீக்கடைக் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து ஒரு பொறையை எடுத்து, கிளாஸில் முக்கி, சொட்டாமல் வாய்க்குக் கொண்டுபோகிறார். அதில் ஒரு கைத்திறன் இருக்கிறது. காய்ந்த ரொட்டி நுண்ணிய துளைகள் நிறைந்தது. டீயை உறிஞ்சி இழுக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மூன்று என்றால் பாதி ரொட்டி டம்ளரின் அடியில் கிடக்கும். கரண்டி தேட வேண்டியதுதான். நெய்யில் சுட்ட ரொட்டிக்கு இன்னும் ஓர் எண்ணிக்கை கூடுதலாகக் கிடைக்கும், நெய் கொஞ்சம் அணை கட்டுவதால். டீயின்மேல் நெய்ப் பொட்டுகள் மிதப்பது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அது உங்கள் டம்ளர் இல்லையே!

மாமியார் வயதுக்காரர்களுக்கு இதில் வேறொன்றும் இருக்கிறது. நான் ஸ்டான்லி மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவன். எங்களுக்கெல்லாம் ரொட்டி என்றால் காய்ச்சல். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பாக்கெட் ரொட்டியும் நாலு சாத்துக்குடியும் இருக்கும். பாலில் நனைத்து, ஓரத்தைக் கிள்ளி எறிந்து, ஊட்டிவிடுவார்கள். கஞ்சிக்குத் தங்கை அது. வாய்க்கசப்போடு தின்ற அந்த ஊறிய ரொட்டியை, காய்ச்சல் போன பிறகும் சும்மாவே கேட்டுத் தின்பதற்கு என் அம்மா கண்டுபிடித்த வழிதான் தோசைக்கல்லும் நெய்யும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும். நோய்ப் பண்டத்தைப் பலகாரமாக்கிய கை அது. உங்கள் மாமியாரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்திருக்கக்கூடும்.

என் விருப்பம் என்ன என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் மட்டும் கல்லில் நெய்யோடு, மறுபக்கம் வெறுமனே சூடேறினால் போதும். பாக்கெட்டின் இரு முனையிலும் இருக்கும் தோல் துண்டு எனக்கு. அதை யாரும் போட்டிக்குக் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம். ஜாம் கூடாது. டீ உண்டு. முக்குவேன், அலுவலகத்தில் யாரும் பார்க்காவிட்டால்.

ஆகவே டோஸ்டர் உங்களுக்கு, கல் மாமியாருக்கு. பிள்ளைகள் எது கேட்கிறார்களோ அது. மின்சாரம் போன காலையில் நீங்களும் கல்லடிக்கு வருவீர்கள். அப்போது அவர் இடம் விடுவார்.

இதை ஒட்டுவதானால் டோஸ்டருக்கு நேர் மேலே மட்டும் ஒட்டாதீர்கள். அனலில் தாளும் வாடிவிடும்.