பிரவுசருக்கு முன்பணம் கொடுப்பது யார்?

தடைக்காலம் 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது, எல்லார் கையிலும் போன். பிரவுசர் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன, கேட்டவர் ஊரைப் போட்டுப் பதில் சொல்கிறேன்.

மண்டபம்: பிரவுசரைச் சும்மாதானே தருகிறார்கள், அவர்களுக்கு வருமானம் ஏது அண்ணே?

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவருக்கே போட வேண்டும் இல்லையா? அதே கதைதான். தேடல் பெட்டியில் தான் நிற்பதற்காக கூகுள் பணம் கொடுக்கிறது. ஐபோனில் வரும் சஃபாரி பிரவுசருக்காக ஆப்பிளுக்கு 2022இல் மட்டும் 2,000 கோடி டாலர் போயிருக்கிறது. தேடலில் ஏகபோகம் என்று கூகுள் மேல் நடந்த அமெரிக்க வழக்கில் வெளியே வந்த கணக்கு. ஃபயர்பாக்ஸ் பிரவுசரை நடத்தும் மொசில்லாவுக்கும் பெரும்பகுதி வருமானம் கூகுளிடமிருந்துதான். குரோம் கூகுளின் சொந்தப் படகு, அதற்கு முன்பணம் எதற்கு?

கீழக்கரை: போனில் தடம் வைக்காத இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?

உங்கள் போனை எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது. நீங்கள் போகிற தளத்துக்கும் நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் தெரியும். இதற்காகவே 2020இல் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். சேர்த்த பதிவுகளை அழிப்பதாக 2024இல் சமரசம் ஆனது. "அப்போ இலவச விபிஎன் போடவா?" என்று ஆரம்பிக்காதீர்கள். நம் நெட் போக்குவரத்தை இன்னொருவர் வழியாகத் திருப்பிவிடுவதுதான் விபிஎன். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பது அது.

தொண்டி: இன்காக்னிட்டோ பாதுகாப்பா?

கீழக்கரைக்காரருக்குச் சொன்னதுதான்.

பாம்பன்: கூகுள் காசில் ஓடும் ஃபயர்பாக்ஸ் மட்டும் யோக்கியமா? எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

கோபம் சரி, கணக்கு தப்பு. குக்கி என்பது தளங்கள் நம் போனில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பு. நம்மைத் தளத்துக்குத் தளம் பின்தொடரும் குக்கிகளை சஃபாரி 2020 மார்ச்சில் முழுக்கத் தடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் அடைத்தது. இரண்டே வருடத்தில் ஒழிக்கிறேன் என்று 2020இல் சொன்ன குரோம், இழுத்து இழுத்து 2024 ஜூலையில் கைவிட்டது. விளம்பரத்தில் வாழ்கிற வீட்டுப் பிள்ளை வேறென்ன செய்யும்?

பாம்பன், மறுபடி: அதே ஜூலையில் ஃபயர்பாக்ஸ் 128இல் விளம்பர அளவீட்டைக் கேட்காமலே போட்டுவிட்டார்களே?

ஆமாம், அது தப்பு. ஆளை அடையாளம் காட்டாமல், விளம்பரம் எவ்வளவு வேலை செய்தது என்று மொத்தக் கணக்கு மட்டும் எடுக்கும் ஏற்பாடுதான். ஆனாலும் கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும். நான் அன்றே அணைத்தேன். பிரேவ் என்கிற பிரவுசரும் 2020இல் கிரிப்டோ தள முகவரியை அடித்தால் தன் கமிஷன் குறியீட்டைச் சேர்த்து மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

பாம்பன், விடவில்லை: கூகுள் காசு வேண்டாம் என்று உதறட்டுமே?

மொசில்லாக்காரர்கள் 2014இல் அமெரிக்காவில் யாஹூவிடம் போனார்கள், 2017இல் கூகுளிடமே திரும்பினார்கள். வியாபாரி மாறினார், முன்பணம் மாறவில்லை. 2025இல் அந்த ஏகபோக வழக்கில் என்ன தீர்வு என்று விசாரித்தபோது, இந்தப் பணத்தை நிறுத்தினால் தாங்கமாட்டோம் என்று கோர்ட்டில் மொசில்லாவே சொன்னது. நீதிபதி பணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. கூகுள் மட்டும்தான் நிற்க வேண்டும் என்று கட்டிப்போடுவதைத்தான் தடுத்தார். நான் இன்னும் ஃபயர்பாக்ஸில்தான் இருக்கிறேன். பாம்பன் தம்பி, மிச்சத்தை டீக்கடையில் வைத்துக்கொள்வோம்.

தேவிபட்டினம்: நல்ல இலவச விபிஎன் ஒன்று சொல்லுங்கள் அண்ணே.

கடலுக்கே போயிருக்கலாம்.