ஆங்கிலத்தில் 'டாட்ரி' என்றால் என்ன? வெறும் 'மலிவு' என்று பொருளா?

மேலே பளபளப்பு, உள்ளே மட்டமான சரக்கு. அதுதான் டாட்ரி. சொல் பிறந்த கதை கொஞ்சம் வருத்தமானது. இங்கிலாந்தின் ஈலி ஊரில் மடம் நிறுவிய புனிதர் எத்தல்திரித், மக்கள் வாயில் ஆட்ரி, 679-இல் கழுத்துக் கட்டியோடு இறந்தார். இளவயதில் ஆரங்கள் அணிந்ததற்கான தண்டனை அது என்று அவரே நம்பினாராம். அவர் பெயரில் நடந்த சந்தையில் கழுத்தில் கட்டும் பட்டு நாடா விற்றார்கள். 'செயின்ட் ஆட்ரி' நாடாவில், 'செயின்ட்'டின் கடைசி எழுத்து ஒட்டிக்கொண்டு 'டாட்ரி' ஆனது. அப்புறம் மட்டமான நாடாக்கள் வந்தன. 17-ஆம் நூற்றாண்டில் சொல்லின் மதிப்பும் இறங்கிவிட்டது.

திருவிழாக் கடைச் சங்கிலி நாலு நாள் வியர்வையில் கறுத்து, கழுத்தில் பச்சைக் கறை விடுமே, அந்த மாதிரி.

விலை குறைந்ததெல்லாம் டாட்ரி என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணப் பருத்தித் துண்டும் மலிவுதான், ஆனால் பகட்டு காட்டாததால் அது டாட்ரி ஆகாது.